காலமான தவசிமுத்துவுக்குக் காது பரிசோதனை

எமன்கூட உயிரோடு இருப்பவனுக்குத்தான் ஓலை அனுப்புவான். செத்துப்போனவனுக்கு ஓலை அனுப்புகிற ஆபீஸ் ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில், பால் சுண்டுகிற வாசனைக்கு நடுவே, மூன்று நாற்காலிகளும் ஒரே ஒரு அதிகாரியுமாக அது மக்களுக்குத் தொண்டாற்றி வருகிறது. 'ஒலியளவு, கோப்பளவு மற்றும் கனஅளவு ஒருங்கிணைந்த மதிப்பீட்டு ஆணையம்' என்று பலகையில் எழுதியிருக்கும். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஜனங்கள் 'வால்யூம் ஆபீஸ்' என்பார்கள்.

முன்னே இது மூன்று ஆபீஸாக இருந்ததாம். சத்தத்தை அளக்க ஒன்று, கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கோப்பு எவ்வளவு பெரிது என்று பார்க்க ஒன்று, கட்டடமும் தொட்டியும் எத்தனை கன அடி கொள்ளும் என்று கணக்கிட ஒன்று. இங்கிலீஷில் மூன்றுக்கும் வால்யூம் என்றுதானே பெயர், எதற்கு மூன்று வாடகை என்று மேலே யாரோ ஒரு சிக்கனக்காரர் யோசித்து ஒன்றாக்கிவிட்டார். ஆட்களைக் குறைத்தார். நாற்காலிகளைக் குறைக்க மட்டும் விதியில் இடம் இல்லை. ஆகவே துணை ஆணையர் ஐயாதுரை ஒருவரே மூன்று நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து, ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பதில் வராவிட்டால் நினைவூட்டலும் அனுப்புவார். ஒருமுறை கனஅளவு நாற்காலியின் மெத்தனத்தைக் கண்டித்து ஒலியளவு நாற்காலி மெமோவே கொடுத்திருக்கிறது.

இந்த ஆபீஸ் வாசலில்தான் ராஜபாளையத்து மாரிக்கனி தன் செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

மாரிக்கனி ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினை ஓட்டியவள். அவள் புருஷன் தவசிமுத்து அதே மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். மில்லுக்குள் நுழைந்தால் மனுஷக் குரல் எடுபடாது. பக்கத்தில் நின்று கத்தினாலும் மெஷின் அதை விழுங்கிவிடும். அதனால் அங்கே வேலை செய்தவர்கள் தொண்டையை விட்டுவிட்டு உதட்டால் பேசப் பழகினார்கள். சத்தமே வராது, வாய் மட்டும் அசையும். நாற்பது அடி தள்ளி நிற்கிறவர் அதைப் பார்த்துப் பதில் சொல்வார். தவசிமுத்து அவளிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதே அப்படித்தான், இரண்டு பிரேமுக்கு அந்தப் பக்கம் நின்று, கையில் ஸ்பேனரோடு. அவள் சம்மதம் சொன்னதும் அப்படியேதான். அந்த முகூர்த்தப் பேச்சுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது.

மில்லை மூடினார்கள். காதுக்குள் அது மூடவில்லை. மாரிக்கனிக்குப் பாதிக் காது போனது, மீதிப் பாதியில் ரிங் பிரேம் ஓடிக்கொண்டே இருந்தது. தவசிமுத்துவுக்கு முழுக்கவே போய்விட்டது. டிவியில் வால்யூமை நூறில் வைத்து, பக்கத்தில் பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்து, அப்போதும் செய்தி வாசிக்கிறவரின் உதட்டைத்தான் பார்ப்பார். தெருவே அதிரும்.

போன வருஷம் ஒரு காலையில் பக்கத்து வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அவமானம் தாங்காமல் மாரிக்கனி அவர் முன்னால் வந்து நின்று, "தெருவையே செவிடாக்கவா? எங்கயாச்சும் போய்த் தொலைங்களேன்" என்றாள். நேருக்கு நேர் நின்று சொன்னாள். அவர் அவள் உதட்டைப் பார்த்தார். டிவியை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தண்டவாளத்தைக் கடக்கும்போது செங்கோட்டை ரயில் அடித்துவிட்டது.

விசாரித்து எழுதியவர் யாரோ, அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டார். 'பலமுறை ஹாரன் அடித்தும் மேற்படி நபர் திரும்பிப் பார்க்காததால், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டதாகக் கருதப்படுகிறது.' ஊர் அந்த வரியை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் மாரிக்கனி சொன்ன வரியையும் சேர்த்துத் தைத்துவிட்டது. 'பொண்டாட்டி போய்த் தொலைன்னா, மனுஷன் போய்த் தொலைஞ்சுட்டாரு.' ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஊரை அவள் தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது, ஒருவேளை அதுதான் உண்மையோ என்று அவளுக்கே தோன்றுகிற சந்தேகம். காது கேட்காமல் போனாரா, என் பேச்சைக் கேட்டுப் போனாரா? இதைச் செத்தவரிடம்தான் கேட்க வேண்டும். செத்தவரிடம் எப்படிக் கேட்பது?

அறிக்கையைத் திருத்தச் சொல்லி ரயில்வே போலீஸுக்குப் போனால், அவருக்குக் காது கேட்காது என்று வால்யூம் ஆபீஸில் சான்றிதழ் வாங்கி வா என்றார்கள்.

"பாதிக்கப்பட்ட நபர் நேர்ல வரணும்மா" என்றார் ஐயாதுரை, ஒலியளவு நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"அவிய எறந்துட்டாவ சார்."

"அது இறப்புச் சான்றிதழ்ல இருக்கு. நான் கேக்கிறது, ஏன் வரலைன்னு."

மாரிக்கனிக்கு முதலில் தன் காதுதான் தப்பாகக் கேட்கிறது என்று தோன்றியது. மறுபடி அவர் உதட்டைப் பார்த்தாள். உதடும் அதையேதான் சொன்னது.

"இறந்தவருக்குக் காது கேக்காதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்கு எதுக்குச் சான்றிதழ்? இறக்கிறதுக்கு முன்னாடி கேட்டுச்சா இல்லையாங்கிறதுதான் பிரச்சினை. அதை அவர் இறக்கிறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். பொதுமக்கள்ட்ட இந்த விழிப்புணர்வு இல்லம்மா. எல்லாரும் செத்த பிறகுதான் வாராங்க."

"மில்லுச் சத்தத்துலதான் சார் போச்சு. எனக்கும் பாதி போச்சு."

"எந்தச் சத்தம்?"

"மில்லுச் சத்தம்."

"மில்லு மூடியாச்சே. இல்லாத சத்தத்தால காது போச்சுன்னு நான் எப்படி எழுத முடியும்? சத்தத்தைக் கொண்டுவாங்க. இணையதளத்துல ஏத்துங்க." சொல்லிவிட்டு எழுந்து, கோப்பளவு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சொல்லுங்கம்மா, என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

சத்தம் வெங்கடேஸ்வரியிடம் இருந்தது. அவளும் ரிங் பிரேம்காரி, தெலுங்கு வீட்டுப் பெண், மாரிக்கனியின் அடுத்த தெரு. மில் மூடுவதற்கு முந்தின ஆயுத பூஜை அன்று போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தாள். பொரி, சுண்டல், சந்தனம் தடவிய மெஷின், பின்னால் உயிரை வாங்குகிற இரைச்சல். ஓரத்தில் தவசிமுத்து நின்று யாரையோ பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"ஏமக்கா, அண்ணன் என்ன சொல்றாரு பாத்தியா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

மாரிக்கனி பார்த்தாள். 'சாப்பிட்டியா' என்று கேட்டுக்கொண்டிருந்தார். படம் எடுத்தவளை அல்ல, பக்கத்தில் நின்ற இவளை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, அதை ஏத்துற வழியப் பாரு" என்றாள்.

ஆணையத்தின் இணையதளம் சின்ன வயிற்றுக்காரப் பிள்ளை. கொஞ்சத்துக்கு மேல் ஊட்டினால் வாந்தி எடுத்துவிடும். 'தங்கள் ஒலி அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் உள்ளது' என்று திருப்பித் திருப்பி அனுப்பியது. அளவுக்கு மேல் உள்ளது என்பதுதானம்மா எங்கள் புகாரே என்று அதனிடம் சொல்ல முடியுமா? பிரவுசிங் சென்டர்காரர் முதலில் படத்தைக் கழற்றினார். அப்புறம் சத்தத்தை இளைக்க வைத்தார். அது போதாது என்று இன்னும் சுருக்கினார். கடைசியில் இணையதளம் வாங்கிக்கொண்டபோது, அந்த மில்லின் இரைச்சல் பாட்டிலில் அடைத்த ஈயின் சத்தமாக இருந்தது.

ஐயாதுரை அதைத் தன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அரசு வளாகத்தில் கூடுதல் ஒலி கூடாது என்பதால் அந்த ஸ்பீக்கரின் வால்யூம் திருகு ஒன்றில் நிறுத்தப்பட்டு, அரக்கு முத்திரை வைக்கப்பட்டிருந்தது. அவர் வெகுநேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இந்தச் சத்தத்துக்கா காது போச்சு? இதைவிட என் வீட்டுக் கொசு நல்லாப் பாடும்."

"நீங்கதான சார் சின்னதாக் கேட்டீய?"

"சின்னதாக் கேட்டது கோப்பளவுப் பிரிவு. பெருசா எதிர்பாக்கிறது ஒலியளவுப் பிரிவு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தலையிட முடியாது." பிறகு மனமிரங்கி மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ஒண்ணு செய்யலாம். மில் கூடத்தை நேர்ல வந்து அளக்கிறோம். சத்தம் போயிருக்கலாம். அது இருந்த எடம் இருக்கில்ல?"

கள ஆய்வுக்கு ஐயாதுரையும், செவிப் பரிசோதகர் ஹெப்சிபாவும் வந்தார்கள். ஹெப்சிபா அந்த ஆபீஸில் ஒப்பந்த ஊழியர். சின்ன வயசு, தளவாய்புரத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். கையில் சத்தம் அளக்கிற மீட்டர் வைத்திருந்தாள்.

மில் கூடம் காலியாகக் கிடந்தது. மெஷினை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கல்யாண மண்டபம் ஆக்கப்போவதாகக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஒரு புறாகூட உள்ளே அடையவில்லை. மதிய வெயில் மேல் கண்ணாடி வழியாகத் தரையில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. மாரிக்கனியும் வெங்கடேஸ்வரியும் வாசல் தாண்டியதும், பழக்க தோஷம், பேச்சை நிறுத்திவிட்டு உதட்டுக்கு மாறிவிட்டார்கள்.

ஐயாதுரை டேப்பைப் பிடித்து நீளம் அளந்தார், அகலம் அளந்தார். உயரத்துக்கு ஏணி இல்லாததால் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டார். மீட்டரை வைத்திருந்த ஹெப்சிபா அதைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சார், நூத்திரண்டு காட்டுது."

"எது?"

"சத்தம் சார். நூத்திரண்டு டெசிபெல்."

"என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கலையே!"

"எனக்கும் கேக்கல சார். மீட்டருக்குக் கேக்குது."

மாரிக்கனி வெங்கடேஸ்வரியைப் பார்த்தாள். இருவருக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு எங்கே போனாலும் கேட்கிறதுதானே, அதனால் உள்ளே கேட்கிறதா வெளியே கேட்கிறதா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றை மாரிக்கனி கவனித்தாள். ஐயாதுரை ஹெப்சிபாவின் காதுக்குப் பக்கத்தில் போய், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஹெப்சிபாவும் பதிலுக்குக் கத்தினாள். சாதாரணமாகப் பேசிக்கொள்வதாகத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது ஐயாதுரையின் தலையிலும் புருவத்திலும் வெள்ளையாகப் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் தலை அப்படித்தான் இருக்கும். பெருக்கித் துடைத்த கூடத்தில் பஞ்சுக்கு எங்கே போவது? ஐயாதுரைக்குத் தொண்டை கட்டியிருந்தது. எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மீட்டர் காட்டுனது காட்டுனதுதான்" என்று கம்மிய குரலில் தீர்ப்புச் சொன்னார். "மறைக்க மாட்டேன், நான் நேர்மையானவன். ஆனா சத்தம் பெருசுன்னா கூடம் அதைவிடப் பெருசும்மா. மூணரை லட்சம் கன அடி. நூத்திரண்டு டெசிபெலை மூணரை லட்சத்தால வகுத்தா, ஒரு கன அடிக்கு என்ன வருது? ஒண்ணுமே வரலை. மனுஷத் தலை ஒரு கன அடிகூடக் கிடையாது. உங்க வீட்டுக்காரர் தலைக்குப் பங்கா வந்த சத்தம், ஒரு எறும்பு தும்முன மாதிரி இருந்திருக்கும்."

"சத்தத்தை யாரு சார் பங்கு வச்சா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"அரசாங்கம் எல்லாத்தையும் சமமாத்தான் பங்கு வைக்கும்."

அந்த வாரத்தில் வீட்டில் இன்னொரு தொந்தரவு கூடிப்போனது. தவசிமுத்து போனதிலிருந்து மாரிக்கனி டிவியின் வால்யூமைப் பன்னிரண்டுக்கு மேல் வைப்பதில்லை. அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பினால் திரையின் ஓரத்துப் பச்சைக்கோடு ஏறிக்கொண்டிருக்கும். இருபது, நாற்பது, நூறு. ரிமோட் அவள் இடுப்பிலேயே இருக்கும். முதலில் பயந்தாள். பிறகு, பயந்து என்ன செய்ய, யாரோ ஊர்பேர் தெரியாத ஆளா என்று தோன்றிவிட்டது. காலி மோடாவைப் பார்த்து, "கொறைங்களேன், திட்டப் போறாக" என்பாள். 'போய்த் தொலைங்க' என்ற சொல்லை மட்டும் அதன்பிறகு அவள் நாயைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டார் புகார் எழுதிப்போட்டார்கள். வால்யூம் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. 'திரு. தவசிமுத்து (காலமானவர்) அவர்களுக்கு: தாங்கள் தங்கள் இல்லத்தில் தொலைக்காட்சியை அனுமதிக்கப்பட்ட ஒலியளவுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தி வருவது ஆணையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது.'

மாரிக்கனிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

"பாருங்க சார், நீங்களே எழுதியிருக்கீய. காது கேக்கிற மனுஷன் இம்புட்டுச் சத்தமா வைப்பாரா?"

ஐயாதுரை நோட்டீஸை வாங்கி, அது தன் கையெழுத்துதானா என்று சரிபார்த்தார். "இது சத்தம் போடுறவங்க மேல எடுக்கிற நடவடிக்கை. நீங்க கேக்கிறது சத்தம் கேக்காதவங்களுக்குக் குடுக்கிற சான்று. ஒண்ணை வச்சு ஒண்ணைத் தீர்மானிக்க முடியாது. ஒரே ஆள் குற்றவாளியாவும் பாதிக்கப்பட்டவராவும் இருந்தா ஆபீஸ் எப்படிம்மா நடக்கும்?"

"அவியதான் செத்துப்போனாவளே சார், எப்படி டிவி போடுவாவ?"

"அதை அவர் விளக்கமா எழுதிக் குடுக்கட்டும்."

வாசலுக்கு வந்து மாரிக்கனி அழுதாள். அழுகைச் சத்தம் தனக்கே சரியாகக் கேட்காததால் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே பால்கோவா கிண்டுகிறவர் கரண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். ஹெப்சிபா வந்து தண்ணீர் கொடுத்தாள்.

"அம்மா, இந்த மாசம் நிலுவை முடிக்கிற மாசம். எல்லா மனுவையும் ஏதாவது ஒரு வழியா முடிச்சாகணும். பரிசோதனைக்கு ஒரு தடவை சம்மன் அனுப்பணும்ங்கிறது விதி. நான் அனுப்ப வச்சிருதேன். வாங்க."

"யாருக்கும்மா சம்மன்?"

ஹெப்சிபா கீழே பார்த்தாள். "அவருக்குத்தான்."

அப்படித்தான் அந்த ஓலை வந்தது. 'திரு. தவசிமுத்து (காலமானவர்), செவித்திறன் பரிசோதனைக்குப் புகைப்படத்துடன் நேரில் ஆஜராகவும்.' மாரிக்கனி சுவரில் இருந்த படத்தை இறக்கினாள். மாலையைக் கழற்றலாமா என்று யோசித்து, வெளியே போகும்போது நன்றாகத்தான் போகட்டும் என்று புது மாலை போட்டாள். வெங்கடேஸ்வரி துணைக்கு வந்தாள். பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மாரிக்கனி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். அவருக்கு மலை பார்த்துக்கொண்டு போகப் பிடிக்கும்.

பரிசோதனை அறை சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்போன், கையில் பிடித்து அழுத்துகிற ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும்.

"படத்தை நாற்காலியில வைங்க" என்றார் ஐயாதுரை. "ஹெட்போனை மாட்டுங்க. மாலை இடிக்குதா? மாலைக்கு மேல மாட்டுங்க."

ஹெப்சிபா மாட்டினாள். பொத்தானைப் படத்தின் முன் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஐயாதுரை மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் சொல்கிற உரையைப் படத்துக்கும் சொன்னார்.

"வணக்கம். இந்த ஆணையம் உங்களைச் சமமா நடத்துது. ஏழை, பணக்காரர், இருக்கிறவர், இறந்தவர்ங்கிற பாகுபாடு இங்க கிடையாது. சத்தம் கேட்டா அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. கேக்காத மாதிரி நடிக்கிறது தண்டனைக்குரிய குற்றம்."

ஹெப்சிபா உச்ச அளவில் ஆரம்பித்தாள். விளக்கு எரியவில்லை. படிப்படியாக இறக்கினாள். தொண்ணூறு, எழுபது, ஐம்பது. தவசிமுத்து மாலைக்குள்ளிருந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் 'பதில் இல்லை' என்று எழுதினாள். ஒவ்வொரு 'இல்லை'யும் மாரிக்கனிக்கு ஒரு படி. கடைசிவரை இப்படியே போனால் முழுச் செவிடு என்று எழுதியாக வேண்டும். அறிக்கையில் அந்த வரி அழிந்துவிடும்.

"சார், எதுக்குமே பதில் இல்லை. முடிச்சிரலாமா?" என்றாள் ஹெப்சிபா.

"பூஜ்ஜியம் வரைக்கும் போகணும். விதி."

ஹெப்சிபா பூஜ்ஜியத்துக்கு வந்தாள். ஓர் இலை விழுகிற சத்தம்கூட அதற்கு அதிகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். இரண்டு பிரேமுக்கு நடுவே இருந்த தூரம்கூட இல்லை. மாரிக்கனிக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. அவள் வாய் தானாக அசைந்தது. சத்தமே இல்லாமல், 'நான் வந்துருக்கேன். தெரியுதா?' என்று கேட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹெப்சிபா கர்த்தரை அழைத்தாள். ஐயாதுரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பூஜ்ஜியத்துல பதில்! திரும்பக் குடுங்க. நாலு தடவை குடுக்கணும்."

மாரிக்கனிக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டால் மிச்ச மூன்றுக்கும் விளக்கு எரியாது. ஒன்றைக் கோளாறு என்று தள்ளிவிட்டுச் சான்றிதழ் எழுதிவிடுவார்கள். ஊர் வாயும் அடையும். வாயை மூடத்தான் பார்த்தாள். ஆனால் வருஷம் பூராவும் காலி மோடாவிடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராத ஒரு கேள்வி அவள் தொண்டையில் நின்றது. பதில் சொல்கிறவர் எதிரே இருக்கும்போது எப்படிக் கேட்காமல் போவது?

'அன்னைக்கு ரயிலு சத்தம் கேட்டுச்சா?'

விளக்கு எரியவில்லை.

அவள் அடுத்ததைக் கேட்டாக வேண்டும். கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். 'நான் தொலைங்கன்னு சொன்னதுக்காவ போனீயளா?'

விளக்கு எரியவில்லை. அவள் காத்திருந்தாள். அப்போதும் எரியவில்லை.

'அப்ப நெசம்மாவே கேக்கலையா உங்களுக்கு?'

எரிந்தது. ஹெப்சிபா கருவியின் விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தது.

"நாலுக்கு ரெண்டு" என்றார் ஐயாதுரை. முகம் முழுக்கப் பெருமை. "பாதிக்குப் பாதி பதில் வந்தா அந்த அளவுல கேக்குதுன்னு அர்த்தம். இது நான் போட்ட விதி இல்ல, உலகம் பூரா உள்ள விதி. பூஜ்ஜியம் டெசிபெல்! எம்புட்டுப் பேரைப் பாத்திருக்கேன், இந்த மாதிரி ஒரு காதைப் பாத்ததில்லம்மா. பூஜ்ஜியத்துலயே கேக்கிறவருக்கு ரயில் ஹாரன் கேக்கலைன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? மனு தள்ளுபடி. ஆனா வருத்தப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்குச் செவித்திறன் மிகச் சிறப்புன்னு சான்றிதழ் தாரேன். அஞ்சு வருஷம் செல்லும். பொறவு அவர் நேர்ல வந்து புதுப்பிச்சுக்கணும்."

"உசுரோட இருந்தப்ப கேக்காத காது சார் அது" என்றாள் வெங்கடேஸ்வரி.

"அப்போ இப்போ முன்னேற்றம்னு எழுதிக்கலாம். ஆண்டறிக்கைக்கு ஆகும்."

மாரிக்கனியின் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கேஸ் தோற்றவள் முகமாக இல்லை. ஹெப்சிபா படத்தை எடுத்துக் கையில் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நீங்க அப்ப ஏதாவது பேசுனீங்களா?"

"சத்தம் போடலம்மா."

ஹெப்சிபா அவள் உதட்டையே செத்த நேரம் பார்த்தாள். "சத்தம் போடலைல்ல. அப்ப நான் எழுத ஒண்ணும் இல்லை" என்று சொல்லி, மாலையைச் சரிசெய்துவிட்டாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் நல்ல கூட்டம். டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மாரிக்கனிக்கு முன்னால் இடம் கிடைத்தது, வெங்கடேஸ்வரி பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். நடுவே அத்தனை தலைகளுக்கு மேலாக அவள் வாயசைத்தாள். 'அந்த ஆளு கெடக்கான். அண்ணன் என்னக்கா சொன்னாரு?'

மாரிக்கனி மடியிலிருந்த படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள்.

'கேக்கலைன்னாரு' என்று உதட்டால் சொன்னாள். 'ரயிலையும் கேக்கலையாம், என் பேச்சையும் கேக்கலையாம்.'

வீட்டுக்கு வந்து படத்தை ஆணியில் மாட்டினாள். டிவியைப் போட்டாள். மோடாவைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, அவர் ஏற்றுவதற்கு முன்னால் அவளே ரிமோட்டை எடுத்து வால்யூமை நூறுக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அடுத்த நோட்டீஸ் வந்தால் வரட்டும். அதற்குப் பதில் எழுத வேண்டியவர் அவர், அவருக்குத்தான் இப்போது காது நன்றாகக் கேட்கிறதாமே.